நெட்வொர்க் கோடில் டேட்டா ரேஸ்: இரண்டாம் முறை தேறியவனின் குறிப்புகள்

நேற்று ரிசல்ட் வந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் தேறிவிட்டேன். போன முறை என்னைக் கவிழ்த்தது நெட்வொர்க் கோடு (நிரல்) கேள்வி. இந்த முறை கைகொடுத்ததும் அதுதான். ஆகவே மற்ற பகுதிகளை விட்டுவிடுகிறேன்.

போன முறை வந்தது சின்னக் கோடு. கர்னலில், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியில், ஒரு வரம்பு மதிப்பு. நிர்வாகி அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாக்கெட் வரும் பாதையில் அது பூஜ்யமா என்று பார்த்துவிட்டு, அடுத்த வரியில் அதனால் வகுக்கிறார்கள். "பூஜ்யச் சோதனை இருக்கிறது, பிழை இல்லை" என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இன்னொரு சிபியு அதைப் பூஜ்யமாக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒருவர் படிக்கும் மதிப்பை இன்னொருவர் அதே நேரத்தில் தடையில்லாமல் மாற்றுவதுதான் டேட்டா ரேஸ். அன்று இரவு தூங்கவில்லை.

தீர்வு இது: ரீட்_ஒன்ஸ் (மதிப்பை ஒரே தடவை படிக்கும்படி கம்பைலரைக் கட்டுப்படுத்தும் கர்னல் மேக்ரோ) போட்டு ஒரே முறை படியுங்கள், லோக்கல் வேரியபிளில் வையுங்கள், அப்புறம் அதை மட்டும் தொடுங்கள். வெறும் லோக்கல் வேரியபிள் போதாது. கம்பைலர் அதை நீக்கிவிட்டு நினைவகத்தையே மறுபடி படிக்கலாம். எழுதும் பக்கம் அதன் ஜோடியான ரைட்_ஒன்ஸ். லினக்ஸில் 2022-இல் டிசிபி, ஐபி அமைப்பு மதிப்புகளுக்கு இதே திருத்தம் வரிசையாக வந்தது. தினம் நான்கைந்து பேட்ச் (திருத்தக் கோடு) படித்தேன். என் தயாரிப்பில் பாதி அதுதான்.

மதிப்பெண் போகும் இடங்கள்:

- பல சிபியுக்கள் கூட்டும் கவுன்ட்டரை ரீட்_ஒன்ஸ் காப்பாற்றாது. அட்டாமிக் (நடுவில் யாரும் புக முடியாத ஒரே செயல்) வேண்டும், இல்லையென்றால் சிபியுவுக்கு ஒரு கவுன்ட்டர்.
- பாயின்டரை மற்ற சிபியுக்களுக்கு வெளியிடும்போது ஸ்டோர் ரிலீஸ், எடுக்கும்போது லோட் அக்வயர். பாயின்டருக்கு முன் எழுதிய தரவும் எடுப்பவருக்குத் தெரிய இந்த வரிசை வேண்டும்.
- சாஃப்ட்ஐஆர்க்யூவும் (ஓடும் ப்ராசஸை இடைமறித்து பாக்கெட் வேலையைச் செய்யும் கர்னல் பகுதி) தொடும் லாக்கை ப்ராசஸ் பக்கம், அதை அந்த சிபியுவில் தடுத்து வைக்கும் ஸ்பின்_லாக்_பிஹெச் போட்டே எடுங்கள். மறந்தால் அதே சிபியுவில் டெட்லாக், அதாவது முடிவில்லாக் காத்திருப்பு.
- கேசிசான் (கர்னலில் டேட்டா ரேஸ் தேடும் கருவி) அமைதியாக இருந்தால் ரேஸ் இல்லை என்று எழுதாதீர்கள். அது மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறது.

நான் நிதானமாக யோசிப்பவன். தாளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தி (காலம்) போட்டு, சிபியு 0, சிபியு 1 என்று வரிவரியாக எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். வேகமானவர்களும் இதைச் செய்து பாருங்கள்.

இந்த முறை கேட்டது சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) பிழை மதிப்பு. பூஜ்யமில்லை என்று பார்த்துவிட்டு, மறுபடி படித்துத் திருப்பித் தருகிறது கோடு. பத்தி போட்டதுமே தெரிந்தது: நடுவில் இன்னொரு த்ரெட் பிழையை எடுத்துக்கொண்டால், தோல்வியடைந்த அழைப்பு வெற்றி என்று திரும்பும். இங்கே ரீட்_ஒன்ஸ் மட்டும் பற்றாது. ஒரே பிழை இரண்டு பேருக்கும் போய்விடும். எடுப்பதும் பூஜ்யமாக்குவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் (பழைய மதிப்பை எடுத்துப் புதியதை வைக்கும் அட்டாமிக் செயல்) என்று எழுதினேன், முழு மதிப்பெண்.