உள்ளிருந்தே ஐயப்படுகிறவர்கள்

மதத்தைப் பற்றிய பொது விவாதம் எதுவானாலும், நம்புகிறவர் ஒருபுறம், மறுக்கிறவர் மறுபுறம் என்று ஆள் பிரித்து அமர்த்திய பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. இரு தரப்பிலும் கற்றறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதங்களை நான் விரும்பிக் கேட்பவன். ஆனால், வழிபாட்டுக்குத் தவறாமல் போய்க்கொண்டும், அங்கே சொல்லப்படுவதில் பலவற்றை ஏற்க முடியாமலும், நிர்வாகத்தின் போக்கைக் கண்டு மனம் கொதித்தும் வாழ்கிறவர்களுக்காக அந்த மேடையில் பேச ஆளில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

இப்படிப்பட்டவர்களைக் கண்டு மத அமைப்புகள் என்றுமே அஞ்சியிருக்கின்றன. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம், பின்னாளில் தத்துவஞானியாகப் புகழ்பெற்ற ஸ்பினோசாவை விலக்கி வைத்தபோது அவருக்கு வயது 23. ஒரு நூலைக்கூட அவர் அதுவரை வெளியிட்டிருக்கவில்லை. அவரோடு யாரும் வாய்மொழியாகவோ எழுத்து வழியாகவோ தொடர்பு வைக்கக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கவும் கூடாது என்று அந்த ஆணை ஒவ்வொன்றாகத் தடுத்தது. விலகி நிற்க வேண்டிய தூரத்தைக்கூட அளந்து சொன்னவர்கள், அவர் செய்த பிழை இன்னதென்று மட்டும் அதில் விளக்கவில்லை.

இன்று அப்படி யாரையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்றாலும், உள்ளிருந்து கேட்கும் குரலை எதிரியின் குரலாகக் காட்டும் பழக்கம் போகவில்லை. 2002ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய பாதிரியார்களை மேலிடம் வேறு வேறு பங்குகளுக்கு (பகுதித் தேவாலயங்களுக்கு) மாற்றி மாற்றிக் காப்பாற்றி வந்ததை, அந்நகர நாளிதழான ‘பாஸ்டன் குளோப்’ ஆதாரங்களோடு வெளியிட்டது. அதையடுத்து அங்கே கேள்வி கேட்கத் திரண்டவர்களில் ஞாயிறு தவறாமல் திருப்பலி வழிபாட்டுக்குச் செல்லும், பாதிரியார் அல்லாத பொதுநிலையினரும் இருந்தார்கள். ‘விசுவாசத்தைக் காப்போம், திருச்சபையை மாற்றுவோம்’ என்ற முழக்கத்தோடு அவர்கள் தொடங்கிய அமைப்பு, திருச்சபைக்குச் சொந்தமான இடங்களில் கூடக் கூடாது என்று ஆயர்கள் (பிஷப்புகள்) சிலர் தடை போட்டார்கள். திருச்சபை நிர்வாகத்தைக் காக்கும் முனைப்பில் பக்தியையே சந்தேகித்த செயல் இது. எந்த நாத்திகரின் பேச்சும் அந்த விசுவாசிகளை இவ்வளவு புண்படுத்தியிருக்காது என்றே எண்ணுகிறேன்.

உள்ளிருந்து ஐயப்படுகிறவர்களைப் புண்படுத்துவதில் மறுப்பாளர்களும் குறை வைப்பதில்லை. அன்னை தெரேசா மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2007இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், இடையில் ஒரு சிறு காலம் தவிர, இறைவனின் இருப்பை உணர முடியாமல் அவர் தவித்ததை அவை காட்டின. அவற்றை அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். அவருக்கும் நம்பிக்கை இல்லை என்று ஒரு தரப்பு அக்கடிதங்களை எடுத்துக் காட்ட, புனிதர்களுக்கே உரிய சோதனை இது என்று மறுதரப்பு விளக்கம் சொன்னது. வெறுமையை உணர்ந்துகொண்டே அன்றாடம் ஜெபத்தில் அமர்ந்த ஒரு பெண்ணின் வேதனை, இருவருக்கும் தத்தம் கட்சிக்கான சான்றாகவே பயன்பட்டது.

“இவ்வளவு ஐயம் இருந்தால் வெளியே வர வேண்டியதுதானே?” என்ற கேள்வி இந்த இரு தரப்புக்கும் பொது. கேட்பவர்கள் மதத்தைக் கொள்கைகளின் தொகுப்பாக மட்டுமே பார்க்கிறார்கள். பெற்றோரை அடக்கம் செய்தபோது சொல்லப்பட்ட வேண்டுதல், சிறு வயதில் மனப்பாடமான பாட்டு, நோயில் கிடந்த நாளில் சோறு கொண்டுவந்த உடன்வழிபாட்டினர் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே வெளியேறுகிறவர் இழக்கிறார். ஒரு கோட்பாட்டில் உடன்பாடில்லை என்பதற்காக அந்த இழப்பை ஏற்கும்படி அவரிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தவறு செய்தவர் பதவியில் நீடிக்கும்போது, அதைத் தட்டிக் கேட்டவரிடம் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள் என்று விசாரிப்பது எனக்கு அநீதியாகவே படுகிறது.