மூன்று மருதும் மூன்று ஆறும்

ஸ்ரீசைலம் தலைமருது, திருவிடைமருதூர் இடைமருது, திருப்புடைமருதூர் கடைமருது. கிருஷ்ணை, காவிரி, தாமிரபரணி என்று மூன்றும் ஆற்றை ஒட்டிய தலங்கள். மூன்றுக்கும் தலமரம் மருது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆற்றங்கரை, ஓடைக்கரை பார்த்து வளர்கிற மரம் அது. ஈசன் மருதடியில் அமர்ந்தால் பக்கத்தில் தண்ணீர் இருக்கத்தானே வேண்டும்!

நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் வீரவநல்லூரில் திரும்பினால் கடைமருது. கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம். கோயிலை ஒட்டிய பெருமரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவதால் 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். கூடு கட்டும் காலத்தில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்காதீர்கள். எச்சம் மழையாகக் கொட்டும்.

மருதை அடையாளம் காண அடிமரம் போதும். வழவழப்பான சாம்பல் வெள்ளைப் பட்டை; பெரிய ஏடுகளாக உரிந்து விழும், உரிந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சந்தேகம் தீரவில்லையா? இலையைத் திருப்பி, காம்பு சேரும் இடத்தைத் தடவுங்கள், இரண்டு சிறு சுரப்பிகள் விரலில் தட்டுப்படும். காய்க்கு நீளவாக்கில் ஐந்து இறக்கை. கருமருதின் பட்டையோ முதலைத் தோல்போல் கறுத்து வெடித்திருக்கும். பூமருது பெயரில் மட்டுமே மருது, குடும்பமே வேறு.

இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டுப் பட்டையைக் கொத்துகிறவர்கள் உண்டு. தானாக உதிரும் ஏடு வேறு, உள்பட்டை வேறு. மரத்தைச் சுற்றி உள்பட்டையை வளையமாக உரித்தால் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது. மரம் மெல்லப் பட்டுப்போகும். கஷாயம் வேண்டுபவர்கள் சித்த மருத்துவரைக் கேட்டுக் கடையில் வாங்கலாம். தலமரத்தில் கத்தி வைப்பது பக்தி ஆகாது.

கடைமருதுக் கோயிலுக்குள் மூலவர் நாறும்பூநாதர் சற்றே சாய்ந்த திருமேனி. வெள்ளத்தால் அக்கரையில் நின்ற கருவூர்ச் சித்தர் கூப்பிட்டதைத் தலை சாய்த்துக் கேட்டாராம். கோமதி அம்பாளையும் தரிசித்துவிட்டு ராஜகோபுரத்தின் உள்நிலைகளைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஐந்து நிலைகளிலும் மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் உண்டு. அவசரமாகப் பார்க்கிற இடமில்லை.

மருது வளர்க்க ஆசைப்பட்டால் காப்பகத்தில் எதையும் பொறுக்கவேண்டாம். திரும்பும் வழியில் சாலையோர மருதடியில் அந்த ஆண்டு விழுந்த காயாக எடுங்கள். உடைக்காமல் முழுக் காயை 48 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பையில் ஊன்றலாம். முளைக்க இரண்டு மாதம்கூட ஆகும். மூன்றாவது வாரமே சொத்தை என்று கொட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.