எல்லைக்கு இப்பால் ஒரு ஈஸ்டர்

2020 ஏப்ரல் 8, புதன்

ஊரடங்கு தொடங்கி இன்றோடு பதினைந்து நாள். காலையில் என் கணவர் டோக்கனில் குறித்திருந்த நேரத்துக்கு ரேஷன் கடைக்குப் போய் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையோடு 1,000 ரூபாயும் வாங்கி வந்தார். வாசலிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அக்கா இந்த ஈஸ்டருக்கு வரமாட்டாள். கேரளத்துப் பாறசாலையில் அவள் வீடு, மார்த்தாண்டத்துக்குச் சற்று வடக்கே எங்கள் வீடு. இடையில் எல்லையான களியக்காவிளை. சாதாரண நாளில் ஒரு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்காருவதற்குள் ஊர் வந்துவிடும். இப்போது அங்கே தடுப்பு வைத்திருக்கிறார்கள். காய்கறி லாரிகளுக்கு வழி உண்டு, நமக்கு இல்லை.

அம்மாவுக்கு 75 வயது. "1956-இல் நம் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்த்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்போதுகூட அந்தப் பக்கம் போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்.

இரவு முழுநிலவு. மகன் முற்றத்தில் நின்று ஈஸ்டர் ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு தேதியில் வருகிறது என்று கேட்டான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவு, அதை அடுத்து வரும் ஞாயிறு என்று மேலே காட்டிச் சொன்னேன். வானத்தில் சாட்சியை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

ஏப்ரல் 9, பெரிய வியாழன்

கோயிலில் பாதம் கழுவும் சடங்கு இல்லை. மாதா தொலைக்காட்சியில் திருப்பலி பார்த்தோம். மகள் பத்தாம் வகுப்பு. மார்ச் 27-இல் தொடங்கியிருக்க வேண்டிய தேர்வு எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், தினமும் அதே அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளை இன்று புத்தகத்திலிருந்து எழுப்பினேன். திருப்பலி முடிந்ததும் அவளாகவே ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவந்து பாட்டியின் கால்களைக் கழுவித் துடைத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. அம்மாவின் குதிகால் வெடிப்புகளில் செம்மண் ஏறியிருந்தது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "அது போகாது மக்களே, விடு" என்றார் அம்மா.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

இந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும்.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளி என்றால் சிலுவைப்பாதையும் கஞ்சியும். பதினான்கு நிலைகளையும் வெயிலில் நடந்து முடித்தபின், கோயில் வளாகத்தில் அண்டாவில் காய்ச்சிய கஞ்சியும் பயறும். வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊரே ஒரே கஞ்சியைக் குடிக்கும். அதை யார் காய்ச்சுகிறார்கள், அரிசி எவ்வளவு, பயறு எவ்வளவு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தட்டை நீட்டினால் கிடைக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த அண்டாவின் பக்கத்தில் நின்றவர் என்பதையே இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காலையில் கொல்லைக்குப் போய் ஒரு மூடு மரச்சீனி, அதாவது மரவள்ளி, பிடுங்கினோம். வீட்டுக்குப் பின்னால் இருப்பது பத்து சென்ட். ஒக்கிப் புயலில் வாழைகளும் இரண்டு ரப்பர் மரங்களும் போயின, பிலா என்று நாங்கள் சொல்லும் பலா மட்டும் நின்றது. அந்தப் பிலாவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் அம்மா வைத்தது இந்த மரச்சீனி. அவர் கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார், மண் விண்டது, மகன் கிழங்கு ஒடியாமல் இழுத்தான். ஐந்து கிழங்கு.

தோலுரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முதல் தண்ணீரை அம்மா கொட்டிவிட்டார். மறுபடி தண்ணீர் ஊற்றி, உப்பிட்டு வேகவைத்தார். சத்து வீணாகிறதே என்று மகள் கேட்டாள். அந்தத் தண்ணீரோடு போவது சத்தல்ல, கட்டு என்று ஊரில் சொல்லும் நஞ்சு. மரச்சீனியில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்பு ரகத்தில் அது அதிகம். மூடிபோடாமல் வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். இலையை மேய்ந்து மாடு விழுந்த கதைகள் ஊரில் உண்டு. அறிவியல் புத்தகத்தில் படிக்கும் பெண்ணுக்கு அடுப்படியில் அது கண்ணெதிரே நடந்தது.

கிழங்கு வேகும்போது அம்மா தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. திருவிதாங்கூர் தின்றுவந்த அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. அன்று குடும்பங்களைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். அதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விசாகம் திருநாள் மகாராஜா மக்களை இதைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்திருந்தார். "உன் பாட்டி மூன்று வேளையும் கிழங்கு தின்றிருக்கிறாள். அதனால்தான் பிள்ளைகள் பிழைத்தோம். மரச்சீனியைக் குறைத்துப் பேசாதே" என்றார். நான் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அதைத் தட்டில் வைக்கத் தயங்கியிருக்கிறேன். அம்மா அதைக் கவனித்திருக்கிறார்.

கஞ்சிக்குச் சம்பா அரிசி. சிறுபயறை வறுக்காமல் வேகவைத்து, தேங்காய், சீரகம், பூண்டு, வற்றல் மிளகாய் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்தார். சுட்ட வற்றலும் சின்ன உள்ளியும் புளியும் தேங்காயும் வைத்து அம்மியில் ஒரு சம்மந்தி, துவையல்தான். ஸ்பூன் கூடாது என்று சொல்லிவிட்டார். பழுத்த பிலாவிலையைப் பொறுக்கிவந்து, கோட்டி, ஈர்க்கால் குத்திக் காட்டினார். மகன் முதல் மூன்று இலையைக் கிழித்தான். நான்காவது நின்றது. பிலாவிலையில் கோரிக் குடிக்கும் கஞ்சிக்கு இலையின் மணம் ஒரு மெல்லிய துவர்ப்பாகச் சேரும். நாற்பது வருடத்துக்கு முன் என் பாட்டியின் திண்ணையில் குடித்த ருசி அது, அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு வீட்டுக்குள்ளேயே சிலுவைப்பாதை சொன்னோம். நடை இல்லாத சிலுவைப்பாதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

இரவு அம்மா ஒரு தேங்காயை உடைத்து, அதன் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, துணியால் மூடி அடுப்படி மூலையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆப்பத்துக்கு. நாளை சாயங்காலத்துக்குள் புளித்துவிடுமாம்.

ஏப்ரல் 11, சனி

நேற்றிரவு இடியோடு கோடை மழை. அரை மணி நேரம்தான், ஆனால் மண் உள்ளுக்குள் நனைந்திருந்தது. விடிந்ததும் அம்மா கையில் மண்வெட்டியோடு நின்றார். "இன்றைக்கு விட்டால் மண் மறுபடியும் இறுகிவிடும்."

நேற்றுப் பிடுங்கிய மூட்டின் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். அடிப்பக்கம் மரமாகிவிட்டது, நுனி பிஞ்சு, இரண்டும் ஆகாது. நடுக்கம்பைச் சாண் சாணாக அம்மா வெட்டித் தந்தார். மண்ணைக் கூட்டி மேடாக்கி, ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று. கணு மேல்நோக்கி இருக்கவேண்டும், இரண்டு மூன்று விரற்கடை மட்டும் மண்ணுக்குள் போகவேண்டும். நான் தலைகீழாக ஊன்றிய ஒன்றைப் பிடுங்கித் திருப்பி நட்டார். பதினாறு மேடு. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, என் கையால் மரச்சீனிக் கம்பு ஊன்றுவது இதுதான் முதல்முறை. நாற்பத்து நான்கு வயதில் கற்றுக்கொண்டேன். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிருக்கும் என்ற நினைப்பு வந்து, சிறிது நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு இஞ்சி, மஞ்சள். முளை கண்ட துண்டுகளைப் பார்த்து எடுத்து, வாழை மூட்டின் அரைநிழலில் பாத்தி பிடித்து வைத்து, மேலே சருகு மூடினோம். சருகு மழை அடியிலிருந்து பாத்தியைக் காக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். கடைசியாகச் சிவப்புக்கீரை. கடுகைவிடச் சிறிய விதை. மணலில் கலந்து தூவினால்தான் ஓரிடத்தில் குவியாமல் விழும். எறும்பு இழுத்துப் போகாமலிருக்க ஓரத்தில் சாம்பல் தூவினார்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு அப்பால் நின்று ஒரு குப்பித் தேன் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளிப்போய், எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைப்பவர். மார்த்தாண்டம் தேன் என்று ஊர் ஊராகப் போவதன் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதல்ல. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது ரப்பர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுத்துவருகிறது. அந்தப் பருவம் இந்த மாதங்களில்தான். எல்லாக் கடைகளும் மூடிக் கிடக்கும்போதும் தேனீ வேலையை நிறுத்தவில்லை, பெட்டியை யாராவது திறந்தே ஆகவேண்டும். விற்க வழியில்லாமல் வீட்டில் டின் டின்னாகத் தேன் சேர்ந்திருக்கிறது என்றார் அண்ணன். நான் பணம் எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. ஐந்து கிழங்கில் மீதமிருந்த இரண்டை மதில்மேல் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டார்.

மாலையில் ஊறிய பச்சரிசியை அரைத்தோம். மிக்ஸியில் முக்கால் பதத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார். அந்தத் தரியிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்தார். அதற்கு அவர் சொல்லும் பெயர் கப்பி. மீதியைத் தேங்காயோடு நைசாக அரைத்து, கப்பியையும் நுரைத்துக் கிடந்த தேங்காய்த் தண்ணீரையும் ஊற்றிக் கையாலேயே கலக்கினார். "கரண்டி போட்டால் பொங்காதா?" என்றாள் மகள். "கைச்சூடு பட்டால் நன்றாகப் பொங்கும்."

இரவு பத்தரை இருக்கும். வியாழக்கிழமையிலிருந்து பேசாமலிருந்த கோயில் மணி அடித்தது. பாதிரியார் உள்ளே தனியாகத் திருவிழிப்பு நடத்துகிறார் என்று தெரியும். சாலையில் ஒரு வண்டி இல்லை, அதனால் மணிச்சத்தம் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பியதுபோல் இருந்தது. அம்மா கட்டிலிலிருந்து இறங்கி நின்றார். பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.

ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறு

மாவு பாத்திரத்தின் விளிம்புவரை பொங்கியிருந்தது.

இறைச்சிக் கடைக்குப் போகவில்லை. கூட்டத்தில் அவரை அனுப்ப எனக்கு மனமில்லை. பிலாவில் பிந்திக் காய்த்த ஒரு இடிச்சக்கையை, அதாவது பலாப்பிஞ்சை, அவர் வெட்டி இறக்கினார். கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு அரிந்து, மல்லி, மிளகு, கிராம்பு, பட்டை வறுத்து அரைத்த இறைச்சி மசாலாவில், தேங்காய்க் கொத்துப் போட்டு அம்மா வைத்தார். மகன் இரண்டாவது முறை வாங்கும்போதுதான் அது சக்கை என்று கண்டுபிடித்தான். மூன்றாவது முறையும் வாங்கினான்.

அக்கா நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். இன்று அவளுக்குக் காலை டியூட்டி. இடைவேளையில் அழைத்தாள். குரல் களைத்திருந்தது. எட்டு மணி நேரம் முகக்கவசத்தோடு நிற்பதால் காதோரம் புண்ணாகியிருக்கிறது என்றாள். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கவில்லை. போனை வாங்கிச் சட்டியருகில் பிடித்து, ஒரு கரண்டி மாவை ஊற்றிச் சுழற்றினார். சுர்ரென்ற சத்தம். சட்டியை மூடும்வரை போனை எடுக்கவில்லை.

"கேட்டதா மக்களே?"

"கேட்டது அம்மா. சட்டி நல்ல சூட்டில் இருக்கிறது" என்றாள் அக்கா. அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. நான் போனை வாங்கி வெளியே வந்து, அவளுடைய பிள்ளைகளை விசாரித்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

வெயில். செடிகளுக்குத் தண்ணீர் கோரினேன். எழுத ஒன்றுமில்லை. உள்ளங்கையில் மண்வெட்டிக் காம்பு பட்ட இடம் எரிகிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

இன்று சித்திரை விஷு. அதிகாலையில் தேன் தந்த அண்ணன் வீட்டில் கனி வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் எங்கள் பிள்ளைகளை அழைத்துக் கனி காட்டுவார்கள். இம்முறை அண்ணி உருளியை மதில் வரை தூக்கிவந்தார். வெள்ளரி, தேங்காய், மாங்காய், கொன்றைப்பூ, நடுவில் கண்ணாடி. பிள்ளைகள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். கைநீட்டமாக, விஷுவுக்குத் தரும் காசாக, பத்து ரூபாய்த் தாள்களை ஒரு தட்டில் வைத்து மதில்மேல் தள்ளினார் அண்ணி.

பத்து மணிக்குப் பிரதமர் பேசினார். ஊரடங்கு மே 3 வரை நீட்டிப்பு. மகள் தேர்வை நினைத்து அழுதாள். கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். நான் அம்மாவைப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை போட்ட கீரை. மே 3-க்கு இருபத்திரண்டு நாள். பறிக்கிற பதம் வந்துவிடும். உன் அக்காவுக்குக் கீரைத் துவரன் பிடிக்கும்."

மாலையில் பாத்தியைப் பார்க்கப் போனேன். சாம்பல் வரம்புக்கு உள்ளே, ஊசிமுனை அளவில், சிவப்பாக, அங்கங்கே முளைத்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். குனிய முடியாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.