42 ஓடியவர்களை 10 கி.மீ. ஏன் படுத்துகிறது

டிசம்பர் மாரத்தான் பதக்கம் அலமாரிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும் ஒரு 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிடுபவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். ‘42 ஓடியாச்சு, 10 எல்லாம் ஒரு விஷயமா?’ என்ற தெம்பு. ஓடி முடித்துவிடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 7-வது கிலோமீட்டரில் மூச்சு முட்டி, கெண்டைக்கால் கல்லாகி, ‘மாரத்தானில்கூட இவ்வளவு தவிக்கவில்லையே’ என்று புலம்புபவர்களும் இவர்கள்தான்.

மாரத்தான் பயிற்சி உடலுக்கு ஒரு பெரிய எரிபொருள் தொட்டியைக் கட்டித் தருகிறது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மணிக்கணக்காகப் போகத் தெரியும். 10 கி.மீ. கேட்பது வேறு. தசை கடுமையாக உழைக்கும்போது உருவாகும் லாக்டேட் ரத்தத்தில் சேரும் வேகமும் உடல் அதை அப்புறப்படுத்தும் வேகமும் சமமாக நிற்கும் ஒரு விளிம்பு உண்டு. பந்தயம் முழுக்க அந்த விளிம்பிலேயே நிற்க வேண்டும். தொட்டி இருக்கிறது, குழாய் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை இன்னும் பெரிதாக்கி, அதாவது ஞாயிறுதோறும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் 28, 30 என்று ஓடிக்கொண்டேயிருந்து, குழாயைப் பெரிதாக்க முடியாது. நீள ஓட்டத்தைக் கைவிட மனசு வராததுதான் மாரத்தான்காரர்களின் முதல் சிக்கல்.

மாரத்தான் முடிந்ததும் முதலில் ஓய்வு. முதல் வாரம் ஓட்டமே வேண்டாம். நடங்கள், நீச்சல் குளத்துக்குப் போங்கள். இரண்டாவது வாரம் 20 முதல் 30 நிமிடம், மிக மெதுவாக, மூன்று நாள். மூன்றாவது வாரம் நான்கு நாள் மெது ஓட்டம். அதில் இரண்டு நாள் மட்டும் கடைசியில் 20 விநாடி வேகமாகவும் ஒரு நிமிடம் நடையுமாக நான்கு முறை. இதை ஸ்டிரைட்ஸ் என்பார்கள். முழு வேகம் கூடாது, நூற்றுக்கு எண்பத்தைந்து போதும். நான்காவது நாளே படி இறங்கும்போது தொடை வலிக்கவில்லை என்பதால் உடல் தேறிவிட்டதாக எண்ண வேண்டாம். தசை சீக்கிரம் ஆறும், தசைநாண் ஆற நாளாகும். மாரத்தானுக்கு அடுத்த பத்து நாளுக்குள் ஸ்டேடியத்தில் பாய்ந்து ஓடிப் பார்ப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் கெண்டைக்கால் ‘சுருக்’கென்று பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது, என்ன வேகத்தில் பயிற்சி செய்வது என்ற கணக்கு. பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரத்தை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்: ஒரு தூரத்தில் எடுத்த நேரத்தை, இரு தூரங்களின் விகிதத்தின் 1.06 அடுக்கால் பெருக்க வேண்டும். 4 மணி 30 நிமிடத்தில் மாரத்தான் முடித்தவருக்கு இது 10 கி.மீ.க்குச் சுமார் 58 நிமிடம் 42 விநாடி என்று சொல்லும். இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மாரத்தானின் கடைசி 10 கிலோமீட்டரில் பெரும்பாலோர் நடையும் ஓட்டமுமாகத்தான் வந்து சேர்கிறார்கள். அந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் உண்மையான வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவீர்கள்.

நான்காவது வாரம் ஒரு 5 கி.மீ. சோதனை ஓட்டம் ஓடிப் பார்ப்பது மேல். ஸ்டேடியத்தில் பன்னிரண்டரைச் சுற்று. வந்த நேரத்தை 2.085-ஆல் பெருக்குங்கள். 27 நிமிடம் வந்தால், 10 கி.மீ.க்கு 56 நிமிடம் 18 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு 5:38. இதே ஆளை வைத்து மேலே போவோம்.

இவருக்கு மூன்று வேகங்கள் போதும். 5 கி.மீ. வேகம் 5:24, 10 கி.மீ. வேகம் 5:38, மெது ஓட்டம் 6:50-க்கும் 7:20-க்கும் இடையில். டெம்போ ஓட்டம் (அந்த லாக்டேட் விளிம்பை ஒட்டிய வேகத்தில் சீராக ஓடுவது) 10 கி.மீ. வேகத்தைவிட நன்றாகவே மெதுவாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். 35 நிமிடத்தில் முடிப்பவர்களுக்கு அது சரி. லாக்டேட் விளிம்பு என்பது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம். நீங்கள் முடிப்பதே ஒரு மணி நேரத்துக்கு அருகில் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நம்மைப் போன்ற நடுத்தர ஓட்டக்காரர்களுக்கு டெம்போ 5:45 என்று வைத்தாலே போதும். 20 நிமிடம் ஒரே மூச்சில், அல்லது இரண்டு 12 நிமிடத் துண்டுகள், நடுவில் 2 நிமிட மெதுநடை.

இனி ஆறு வாரம். வாரத்தில் ஒரு நாள் இன்டர்வல் (வேகமான துண்டுகள், நடுவில் ஓய்வு), ஒரு நாள் டெம்போ, ஒரு நாள் 12 முதல் 14 கி.மீ. நீள ஓட்டம், மீதி இரண்டு நாள் மெது ஓட்டம். மொத்தம் 40 கி.மீ. பக்கம் வரும். மாரத்தானுக்கு 60 ஓடியவருக்கு இது குறைவாகத் தெரியும். கூட்டாதீர்கள்.

இன்டர்வல் நாளைத்தான் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. இந்த ஆறில் முதல் வாரம் 400 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றும் 2 நிமிடம் 10 விநாடி, நடுவில் 200 மீட்டர் மெதுவாக. இரண்டாம் வாரம் அதே 400, பத்து முறை. மூன்றாம் வாரம் 1 கி.மீ. ஐந்து முறை 5:30 வேகத்தில், 2 நிமிட ஓய்வோடு. நான்காம் வாரம் 1 கி.மீ. ஆறு முறை 5:38-இல், ஓய்வு 90 விநாடிதான். ஐந்தாம் வாரம் 2 கி.மீ. மூன்று முறை அதே 5:38-இல், 2 நிமிட ஓய்வு. இதுதான் உண்மையான ஒத்திகை. இது முடிந்தால் பந்தயமும் முடியும். பந்தய வாரம் செவ்வாயன்று 400 நான்கு முறை, 2:15-இல். அந்த வாரம் நீள ஓட்டமும் டெம்போவும் இல்லை.

வேகம் மாறுவதைக் கவனித்தீர்களா? முதலில் பந்தய வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, குறுகிய துண்டுகளில். போகப்போகப் பந்தய வேகத்துக்கே இறங்கி, துண்டு நீள்கிறது, ஓய்வு அந்த அளவுக்கு நீள்வதில்லை. முதல் 400-ஐ 1:55-இல் பறந்துவிட்டுக் கடைசியை 2:30-இல் இழுத்து முடித்தால், சராசரி சரியாக வந்தாலும் அது பயிற்சி ஆகாது. முதலும் கடைசியும் மூன்று விநாடிக்குள் நிற்க வேண்டும். ஒரு சுற்று 5 விநாடி தாண்டிப் போய்விட்டால் இன்னும் ஒன்று முயலுங்கள். அதுவும் போனால் அன்றைக்கு அவ்வளவுதான், காலணியைக் கழற்றுங்கள்.

பீஷான், இயோ சூ காங், சுவா சூ காங் என்று பல பேட்டைகளில் 400 மீட்டர் தடம் இருக்கிறது. அங்கே கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். வளைவுகளில் அது தடுமாறி ஒரு சுற்றை 410, 420 என்று காட்டும். சுற்று நேரத்தைப் பதியும் லேப் பொத்தானைக் கையால் அழுத்துங்கள். 1 கி.மீ. என்பது இரண்டரைச் சுற்று; ஆகவே முடிவுக்கோட்டுக்கு நேர் எதிரே உள்ள 200 மீட்டர் கோட்டில் தொடங்கினால், முடிவுக்கோட்டிலேயே வந்து நிற்கலாம். மாலையில் உள் தடம் பள்ளிப் பிள்ளைகளாலும் நடப்பவர்களாலும் நிரம்பியிருக்கும். வெளியே ஒரு தடம் தள்ளிப் போனால் சுற்றுக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர் கூடும். நான்காவது தடத்தில் ஒரு சுற்று 423 மீட்டர். அங்கே 2:15-க்கு ஈடானது 2:23. இது தெரியாமல் ‘இன்று கால் வரவில்லை’ என்று மனம் நொந்து வீடு திரும்புபவர்கள் உண்டு.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் எந்தப் பயிற்சியும் பேச முடியாது. விடியற்காலை 6 மணிக்கு 25, 26 டிகிரி என்று பார்த்து ஏமாறக் கூடாது. ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், வியர்வை காயாது, சொட்டும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. மாலை 7 மணிக்கு ஈரப்பதம் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் பகலெல்லாம் சூடு குடித்த தடம் அதைக் காலடியில் கக்கிக்கொண்டிருக்கும். இரண்டில் இன்டர்வலுக்கு விடியற்காலையே நல்லது, திறந்திருக்கும் நேரம் ஒத்துவந்தால். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பார்க்கலாம். ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை (சூடு, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்த அளவு) 31 டிகிரிக்குக் கீழே என்றால் குறைவு, 31 முதல் 33-க்குள் மிதம், 33-ஐத் தொட்டால் அதிகம். மிதம் என்றால் ஓய்வை 30 விநாடி கூட்டுங்கள், அதிகம் என்றால் இன்டர்வலை இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள். டெம்போவைக் கடிகாரத்தைப் பார்த்து ஓடாமல் மூச்சைப் பார்த்து ஓடுவது இன்னும் பாதுகாப்பு: மூன்று நான்கு சொல் பேச வேண்டும், முழு வாக்கியம் வரக் கூடாது.

ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை வேறு. மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் தடத்தைவிட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். பாதியில் நின்ற பயிற்சியை மறுநாள் முழுதாகச் செய்யத் தேவையில்லை. பாதிக்கு மேல் முடித்திருந்தால் அதோடு கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.

தைப்பூசமும் இந்தப் பத்து வாரத்துக்குள் வர வாய்ப்பு அதிகம். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கி.மீ.க்குச் சற்று மேல். பால்குடமோ காவடியோ வெறுங்காலில் தூக்குபவர்கள் அந்த வாரம் இன்டர்வலை விட்டுவிடலாம். பாதத்தில் கொப்புளம் வந்தால் நடை மாறும். மாறிய நடையில் வேக ஓட்டம் ஓடினால் முழங்காலில் வந்து நிற்கும். விரதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பாடு என்றால் மெது ஓட்டம் மட்டும், அதுவும் 40 நிமிடத்துக்குள்.

சாப்பாட்டில் ஒரு உண்மை: ஓட்டம் குறைந்தாலும் பசி குறையாது. ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி என்பது தோராயக் கணக்கு. 65 கிலோ எடையுள்ளவர் வாரம் 60-லிருந்து 40-க்கு இறங்கினால் 1,300 கலோரி மிச்சம். ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் நான்கு பரோட்டா என்ற பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தால், பந்தயத்தன்று அது இடுப்பில் கூடவே ஓடி வரும். மாரத்தானில் சாப்பிடும் எனர்ஜி ஜெல் தேவையில்லை, முதல் நாள் சோற்றைக் குவிப்பதும் தேவையில்லை. பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி சாம்பார் இல்லாமல், அல்லது காயா தடவிய ரொட்டி இரண்டு துண்டு, ஒரு வாழைப்பழம். கோப்பி பழக்கமிருந்தால் கோப்பி ஓ, பால் வேண்டாம்.

கெண்டைக்காலுக்குத் திரும்புவோம். வேகம் கூடும்போது அதிகச் சுமை விழுவது அங்கேயும் குதிகால் தசைநாணிலும்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிக்கட்டே போதும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்பாதம் மட்டும் படியில், குதிகால் வெளியே. ஒற்றைக்காலில் இரண்டு விநாடியில் மேலே, மூன்று விநாடியில் கீழே, படி மட்டத்துக்கும் கீழே இறங்கும் வரை. காலுக்கு 12 வீதம் மூன்று முறை, வாரம் மூன்று நாள். முழங்காலை நீட்டியபடி ஒரு முறையும் மடக்கியபடி ஒரு முறையும் செய்தால் மேல் தசை, அடித் தசை இரண்டும் வலுப்படும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் நாண் விறைப்பாக இருந்து, அது நாளுக்கு நாள் கூடினால் இன்டர்வலை நிறுத்திவிட்டு மெது ஓட்டத்தை மட்டும் தொடருங்கள். கார்பன் தகடு வைத்த காலணியை முதல் மூன்று வாரம் தொடவே வேண்டாம்.

பந்தய நாளன்று மாரத்தான் பழக்கம் ஒன்று காலை வாரும்: உடலைச் சூடேற்றாமல் நிற்பது. மாரத்தானில் முதல் 5 கிலோமீட்டரே சூடேற்றம்தான். இங்கே அதற்கு இடமில்லை. 12 நிமிடம் மெது ஓட்டம், பிறகு நான்கு ஸ்டிரைட்ஸ். தொடக்கக் கோட்டருகே உள்ள கொட்டடிக்குள் அரை மணி முன்பே அடைத்துவிடுவார்கள் என்றால், உள்ளே நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்திக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருங்கள்.

முதல் 2 கிலோமீட்டர் 5:42. கூட்டத்தில் வளைந்து வளைந்து முந்த வேண்டாம். முந்திய மீட்டரும் நீங்கள் ஓடிய மீட்டர்தான். 3 முதல் 8 வரை 5:38. மெரினா பே, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கடிகாரம் திடீரென 5:05 என்று காட்டும், அடுத்த நிமிடம் 6:10 என்று காட்டும். இரண்டையும் நம்பாமல் கிலோமீட்டர் பலகையில் லேப் அழுத்துங்கள். பாலம் வந்தால் ஏறும்போது 5 விநாடி விட்டுக்கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் ஒரே இடத்தில், 5 கி.மீ. பக்கம்: இரண்டு மடக்கு வாயில், மீதி தலையில். 8-வது பலகையைத் தாண்டும்போது கடிகாரம் 45:12 என்று காட்ட வேண்டும். 45:30-க்குள் இருந்தால் 57 நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்காமல் முன்னால் போகிறவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடுங்கள்.