மங்குஸ்தான் தோப்புக்கு ஒரு நடை

காலை ஆறு மணிக்குக் குற்றாலம் ஐந்தருவியில் கிளம்பினோம். மாமாவின் பழைய தோப்புக்கு ஏறி இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானாலும் எனக்கு இது திருநெல்வேலிச் சீமைதான்.

சாரலில் பாதையெல்லாம் அட்டை. கடிக்கிற அட்டைமேல் போட வைத்திருந்த உப்புப் பொட்டலத்தை வீட்டிலேயே மறந்தவன் நான், அதனால் வழிநெடுக ஏச்சும் எனக்குத்தான்.

தோப்பில் பாதி மரங்கள் பாசி பிடித்து நிற்கின்றன. காவலுக்கு இருந்த அண்ணாச்சி ஒரு மங்குஸ்தானைத் தலைகீழாகத் திருப்பி, "அடியில இருக்க பூவுல எத்தனை இதழ்னு எண்ணுங்க தம்பி" என்றார். ஆறு. கத்தியெல்லாம் இல்லை, உள்ளங்கைகளுக்குள் வைத்து ஒரே அழுத்து. ஊதாத் தோல் பிளந்து, உள்ளே வெள்ளையாகச் சரியாக ஆறு சுளை!

துரியனும் இருந்தது. அந்த வாசனைக்கு அப்புறம் கட்டுச்சோறு இறங்கவில்லை.

சட்டையில் மங்குஸ்தான் கறை. போகவே போகாதாம், அம்மா சொல்லிவிட்டாள்.