கடை நாட்குறிப்பு: கத்திரி வெயிலும் அகலப் பாதங்களும்

மே 5, செவ்வாய்

கத்திரி பிறந்தாச்சு. இனி மாதக் கடைசி வரை, வேலூரில் எங்கள் ஓட்ட ஷூ கடைக்குக் காலையில் ஷூ வாங்க வருபவர்களுக்கு அளவு எடுத்தாலும் சாயங்காலம் இன்னொரு தடவை வந்து போட்டுப் பார்க்கச் சொல்வோம். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் மாலையில் கொஞ்சம் உப்பியிருக்கும். நீண்ட ஓட்டத்தில் வருவதும் அதே உப்பல்தான். காலையில் கச்சிதமாகத் தெரிந்த ஷூ எட்டாவது கிலோமீட்டரில் கடிக்க ஆரம்பிக்கும்.

உட்கார வைத்து அளந்தால் வேலைக்கு ஆகாது. நிற்கணும், எடை இரண்டு காலிலும் சமமாக இறங்கணும், ஓடும்போது போடும் சாக்ஸ் காலில் இருக்கணும். பிரானாக் அளவுப் பலகையில் பலரும் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதில் மூன்று அளவு இருக்கிறது: குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை, பிறகு அகலம். முதல் இரண்டும் வேறு வேறு சைஸ் காட்டினால் பெரியதை எடுத்துக்கொள்ளணும். இரண்டு காலும் ஒரே அளவு இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் ஷூ. நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்கணும் என்றும் இல்லை, பலருக்கு இரண்டாம் விரல் முந்தி நிற்கும். அந்த விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரல் அகலம், இடம் வேண்டும்.

இந்தக் கடையில் அதிகம் காதில் விழும் வாக்கியம்: "எட்டு கடிக்குதுண்ணா, ஒம்போது குடுங்க." எங்கே கடிக்கிறது என்று கேட்டால் பத்தில் ஏழெட்டு பேர் சுண்டுவிரல் பக்கத்தைக் காட்டுவார்கள். அது நீளத்தின் குறை இல்லை, அகலத்தின் குறை. சைஸ் ஒன்று கூட்டினால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது. சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் ஷூ மடியும் இடம் பெருவிரல் மூட்டுக்கு முன்னால் தள்ளிப் போய்விடும். பாதம் ஒரு இடத்தில் மடிய, சோல் இன்னொரு இடத்தில் மடியும். குதிகால் தூக்கும், உள்ளங்கால் எரியும், விரல் நகம் முன்னால் போய் முட்டும். ஒன்பது வாங்கியவர் "இதுவும் சரியில்லையே" என்று அடுத்து பத்து கேட்பார்.

சந்தேகம் தீர வழி: ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, குதிகாலைச் சரியாகப் பொருத்தி அதன் மேல் நிற்கச் சொல்லுங்கள். விரல் மூட்டுப் பகுதியில் சதை இரண்டு பக்கமும் இன்சோலுக்கு வெளியே வழிந்தால் அதே நீளத்தில் 2ஈ என்ற அகல அளவு, அதுவும் போதாவிட்டால் இன்னும் அகலமான 4ஈ. ஆண்கள் ஷூவில் சாதாரண அகலம் டி, பெண்கள் ஷூவில் பி. அகலப் பாதம் உள்ள பெண்களுக்கு ஆண்கள் மாடலின் டி பல நேரம் சரியாக உட்காரும். ஆனால் ஆண்கள் ஷூ செய்யும் அச்சில் குதிகால் பகுதி கொஞ்சம் தளர்ச்சி, அதனால் லேஸ் கட்டும் முறையை மாற்றணும். அது சனிக்கிழமை எழுதுகிறோம்.

மே 6, புதன்

பெட்டி மேல் இருக்கும் எண் பற்றி மட்டும். நம் ஊரில் சைஸ் என்றால் யூ.கே. எண். வெளிநாட்டிலிருந்து மகனோ மருமகனோ வாங்கி வருவது பெரும்பாலும் யூ.எஸ். எண் பார்த்து. ஆண்கள் ஷூவில் பல நிறுவனங்களுக்கு யூ.எஸ். எண் ஒன்று கூடுதல். அடிடாஸில் அரை மட்டும். மனக்கணக்கு வேண்டாம், ஷூ நாக்கின் உள்பக்கம் இருக்கும் ஒட்டுச்சீட்டில் சென்டிமீட்டர் அளவைப் பாருங்கள். அது ஒன்றுதான் நிறுவனத்துக்கு நிறுவனம் அதிகம் ஆடாதது.

மே 9, சனி

ஏலகிரி ஏறி இறங்கிவிட்டு வந்த கூட்டம் காலையிலேயே வந்தது. மூன்று பேருக்குப் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. ஏறும்போது ஒன்றும் ஆகாது, 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போதுதான் பாதம் முன்னால் வழுக்கி நகம் முட்டும். ஷூ சின்னது என்று நினைத்து எல்லோரும் பெரியது கேட்கிறார்கள். சின்ன ஷூவிலும் நகம் கறுக்கும், தளர்ந்த ஷூவிலும் கறுக்கும். கண்டுபிடிக்க: குதிகாலைப் பின்னால் தட்டி நிறுத்தி, லேஸை இறுக்கி, சாய்வுப் பலகையில் கீழ்நோக்கி நின்று குதிக்கச் சொல்வோம். விரல் முட்டாமல் நின்றால் சைஸ் சரி, கட்டியதுதான் தப்பு.

குதிகால் பூட்டு கட்டும் விதம்: பெரும்பாலான ஓட்ட ஷூவில் மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி, யாரும் தொடாத ஒரு கடைசி ஓட்டை இருக்கும். கீழ் ஓட்டைகளை வழக்கம் போலக் குறுக்காகக் கோத்து வாருங்கள். கடைசிக்கு முந்தைய ஓட்டையிலிருந்து வெளியே வந்த லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே நுழைத்தால் ஒரு சின்ன வளையம் நிற்கும். இரண்டு பக்கமும் செய்தபின், வலது லேஸை இடது வளையத்துக்குள், இடதை வலது வளையத்துக்குள். இப்போது இழுக்கவேண்டியது மேலே அல்ல, கீழே பக்கவாட்டில். அப்போதுதான் வளையம் கணுக்காலை அணைக்கும். அதன் பிறகு முடிச்சு.

மேல்பாதம் உயர்ந்தவர்களுக்கு இதற்கு நேர் எதிரான வேலை. அழுத்தும் இடத்துக்கு நேரே ஒரு குறுக்குக் கோப்பைத் தவிர்த்து, லேஸை அந்தந்தப் பக்கமே செங்குத்தாக ஏற்றிவிட்டு, அடுத்த ஓட்டையிலிருந்து மறுபடி குறுக்கே போகணும். மேல்பாத நரம்பு அழுந்தி விரல் மரத்துப் போகிறது என்பவர்களில் பாதிப் பேருக்கு ஷூ மாற்றவேண்டிய அவசியமே இல்லை.

அடிக்கடி லேஸ் அவிழ்பவர்கள் கட்டி முடித்ததும் குனிந்து பாருங்கள். பூமுடிச்சின் இரண்டு காதும் ஷூவுக்குக் குறுக்கே கிடந்தால் முடிச்சு சரி. கால்விரல் பக்கமும் கணுக்கால் பக்கமுமாக நீளவாக்கில் திரும்பி நின்றால் அது ஒவ்வொரு அடிக்கும் தளர்ந்துகொண்டே போகும் முடிச்சு. முதல் சுற்றை மட்டும் எதிர்த்திசையில் போட்டால் போதும், மற்றதெல்லாம் கை பழகியபடியே. இரட்டை முடிச்சு தேவையில்லை.

மே 12, செவ்வாய்

சர்க்கரை உள்ள ஒருவர் வந்தார், நடைப்பயிற்சிக்கு ஷூ வேண்டுமாம். இப்படி யார் வந்தாலும் விலை சொல்வதற்கு முன் மூன்று கேள்வி. முள் குத்தினால் தெரிகிறதா? தரை சூடு தெரிகிறதா? செருப்பு கழன்று போனது தெரியாமல் நாலடி நடந்ததுண்டா? மூன்றாவதுக்கு "ஆமாங்க, ரெண்டு மூணு வாட்டி" என்று பதில் வந்தால் அன்று ஷூ விற்பதில்லை. மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், அதை முடித்துவிட்டு வாருங்கள் சார் என்று அனுப்புவோம்.

வேலூரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவது அல்ல, வலி தெரியாமல் போவதுதான் என்பதை சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் காட்டியது இந்த ஊரில். மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த மெத்துச் செருப்பு இங்கும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும்தான் பெரிதாகப் பழக்கத்துக்கு வந்தது. உணர்ச்சி இல்லாத காலுக்கு ஓட்ட ஷூவின் மெத்து மட்டும் போதாது. உள்ளே ஒரு தையல் முடிச்சு உரசினாலும் அவருக்குத் தெரியாது. மருத்துவர் ஷூ போடலாம் என்று சொன்னால் கொடுப்போம், கூடவே இதுவும்: ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் தடவு, வெள்ளை சாக்ஸ் போடு. வெள்ளையில்தான் ரத்தக் கறை கண்ணில் படும். புது ஷூவை முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் போடாதே, கழற்றியதும் பாதத்தில் சிவந்த இடம் இருக்கிறதா பார்.

மே 15, வெள்ளி

சோல் விட்டுப் போன ஷூ இன்று மட்டும் நான்கு ஜோடி. மே மாதத்தில் இது சகஜம். கோட்டையைச் சுற்றி ஓடிவிட்டு, வியர்த்த ஷூவைக் கழற்றி பைக் சீட்டிலோ காரின் பின்கண்ணாடி அருகிலோ போட்டுவிட்டுப் போகிறார்கள். சோலையும் ஷூவின் மேல்பாகமான அப்பரையும் ஒட்டும் பசை தொழிற்சாலையிலேயே சூட்டில் இளக்கித்தான் ஒட்டப்படுகிறது. மூடிய காரின் சூடு அதே பசையை மறுபடி இளக்கும். சோலில் இருக்கும் மெத்தான ஈ.வி.ஏ. ஃபோம் சூட்டில் சுருங்கவும் செய்யும். இன்சோல் முன்பக்கம் சுருண்டு, நீளம் குறைந்து நின்றால் அது வெயிலின் வேலை.

தெருமுனையில் ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டினால் ஒரு வாரம். உடனடிப் பசை அதைவிட மோசம், கண்ணாடி மாதிரி கெட்டியாகி மடியும் இடத்தில் வெடித்துவிடும். சரியாகச் செய்ய: பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, ஃபோம் பக்கத்துக்கு அதற்கான பிரைமர் பூசி உலரவிட்டு, பிறகு பி.யூ. (பாலியூரித்தேன்) பசை இரண்டு பக்கமும் மெல்லிசாக. பசை கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் சூடு காட்டி அழுத்தி, கயிறோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றி ஒரு நாள் விடணும். பிரைமரைத் தாண்டிப் போகிறவர்களின் வேலைதான் திரும்பி வருகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்த கைகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. கேட்டு விசாரித்தால் நல்ல ஆள் கிடைப்பார்.

கண்ணுக்குத் தெரியும் ஃபோம் நொறுங்கிப் பொடியாக உதிர்ந்தால் ஒட்டிப் பிரயோசனமில்லை.

மே 18, திங்கள்

போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள் ஐந்து பேர். 1500 மீட்டர், 7 நிமிடம். ஐந்து பேரும் கேட்டது சோலுக்குள் கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ, அதாவது கார்பன் பிளேட் ஷூ.

கணக்கு போட்டுக் காட்டினோம். 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 விநாடி. ஷூ ஒவ்வொன்றிலும் 100 கிராம் குறைந்தால் ஓட்டத்துக்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சம். நேரத்தில் அப்படியே வந்தாலும் அது நான்கு விநாடி. முதல் சுற்றை 95-ல் ஓடிவிட்டு மூன்றாவதில் நடப்பவன் இழப்பது அதைவிட ரொம்ப அதிகம். தவிர, சாலைப் பந்தய ஷூவின் ஃபோம் உயரம் 40 மில்லிமீட்டர் வரை போகும், உலக தடகள அமைப்பின் சாலை வரம்பே அதுதான். மண் மைதானத்தில் வளைவு திரும்பும்போது அந்த உயரத்தில் கணுக்கால் ஆடும். அடியில் ரப்பர் குறைவாக, ஃபோம் வெளியே தெரியும்படி இருப்பதால் சரளைக் கல் பிய்த்துவிடும். 220 முதல் 250 கிராமுக்குள் சாதாரணப் பயிற்சி ஷூ, ஒரு மாதமாவது பழகியது, போதும். தேர்வன்று புது ஷூ வேண்டவே வேண்டாம்.

அடியில் ஆணி வைத்த ஸ்பைக் ஷூ கேட்பவர்களுக்கு: சிந்தெடிக் தடத்தில் பொதுவாக 6 மில்லிமீட்டர் ஆணி, 9-க்கு மேல் ஓட்டப் போட்டிகளில் விதி அனுமதிக்காது. மண் தடத்துக்கு நீளமானது போடலாம். ஆணியைக் கையால் திருகி விடாதீர்கள், சாவி போட்டு இறுக்கணும். தளர்ந்தபடி ஓடினால் திருகு மரையில் மண் ஏறி அடுத்த முறை கழலாது. மாதம் ஒரு தடவை கழற்றி, மரையைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய்.

மே 21, வியாழன்

ஈரக்காலால் தரையில் அச்சு வைத்து "எனக்குத் தட்டைப் பாதம், அதுக்கு ஷூ குடுங்க" என்று கேட்பது இன்னும் ஓயவில்லை. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துப் பார்த்தார்கள். காயம் சொல்லும்படியாகக் குறையவில்லை. நின்றிருக்கும் பாதம் ஓடும் பாதத்தைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு மூன்று மாடலைப் போட்டுத் தெருவில் நூறு மீட்டர் ஓடிப் பார்த்து, எது காலில் இருப்பதே தெரியவில்லையோ அதை எடுங்கள்.

பழைய ஷூ கொண்டுவந்தால்தான் எங்களுக்கு உண்மையான தகவல். குதிகாலின் வெளி ஓரம் தேய்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: ஷூ ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஃபோம் செத்துவிட்டது. ஒரு கால் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் எந்த ரோட்டில் ஓடுகிறீர்கள் என்று கேட்போம். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் தினமும் ஒரே ஓரம் என்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. மழைநீர் வடிய ரோடு ஓரத்துக்குச் சரிந்திருக்கும், மேட்டுப் பக்கத்துக் கால் உள்நோக்கிக் கூடுதலாகச் சாயும். ஷூ மாற்றுவதற்கு முன் ஓரத்தை மாற்றிப் பாருங்கள், விடியற்காலையில் வண்டி குறைவான ரோடாகப் பார்த்து.

500 முதல் 800 கிலோமீட்டர் என்பதுதான் பொதுவான ஆயுள். எடை கூடியவர்களுக்கு அந்த வரம்பின் முன்பாதியிலேயே முடிந்துவிடும்.

மே 24, ஞாயிறு

நேற்று ராத்திரி கோடை மழை. நனைந்த ஷூ: இன்சோல் வெளியே, லேஸ் தளர்த்தி, உள்ளே செய்தித்தாள், ஒரு மணி நேரத்தில் தாளை மாற்று, பிறகு நிழலில் ஃபேன் காற்று. வாஷிங் மெஷின் கூடாது.

மே 30, சனி

ஜூன் ஆர்டர் போட்டாச்சு. சென்னை சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்) 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. அதிலிருந்து 'பா' என்ற இந்திய அளவு முறை பரிந்துரைக்கப்பட்டது. இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலம் என்பது அதில் தெரிந்த முக்கியமான விஷயம். சின்ன வயதில் வெறுங்காலும் ரப்பர் செருப்பும் பழகிய வேலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. நிறுவனங்கள் அச்சை மாற்றும்வரை காத்திருக்க முடியாது. யூ.கே. 7, 8, 9 மூன்றிலும் டி-யும் 2ஈ-யும் சரிபாதி, 4ஈ எட்டிலும் ஒன்பதிலும் மட்டும். பெண்கள் 4, 5, 6-இல் அகல மாடல் கிடைக்கும் நிறுவனத்திடம் மட்டுமே வாங்குகிறோம்.

வரும் சரக்கில் ஒட்டுச்சீட்டின் உற்பத்தி மாதத்தைப் பார்க்கணும். இரண்டு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்ததைத் தள்ளுபடியில் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.