தாருக்கு 265 டயர்

மஹிந்திரா தார் ஜீப்பில் வந்த 245/75 ஆர்16 டயர் (245 என்பது மி.மீ.யில் அகலம்) தேய்ந்ததும், அதே ரிம்மில் இன்னும் அகலமான 265/75 போட்டுக்கொண்டேன். "ரிம் தாங்கும்ணே, ஆனா ஃபுல்லா ஒடிச்சா உரசும்" என்றான் போடி டயர்க் கடைத் தம்பி. போடிமெட்டுக் கொண்டை ஊசிகளில் சத்தமே இல்லை. சூரியநெல்லிப் பக்கம் ஏலத்தோட்டத்து மண்பாதையில், முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி ஸ்டியரிங்கும் முழுசாக ஒடிந்தபோதுதான் கரகரவென்றது. குனிந்து பார்த்தால், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உள்பக்க பிளாஸ்டிக் ஓரம் விரலகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. சூடான காற்றடிக்கும் ஹீட் கன் பிடித்து அதைப் பின்னால் தள்ளியாயிற்று.

டயர் விட்டம் 30 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்ந்தது 15தான். மீட்டர் 60 காட்டினால் நிஜத்தில் 62. ஏற்றத்தில் இரண்டாம் கியர் முனகுகிறது. டீசல் கணக்கை வீட்டில் இன்னும் கேட்கவில்லை. ஸ்டெப்னி பழைய அளவுதான். அதை மாட்டியிருக்கும்போது சக்கரங்கள் வேறுவேறு அளவு என்பதால், தார்ச்சாலையில் ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் டிரைவ்) போடவே கூடாது.